படிக்காமல் விட்ட வரி

ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டால் அஜிததாஸ் நயினார் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். ஜைனர் வீடு. இருட்டினால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. மலை மறைப்பதால்தான் செஞ்சியில் சீக்கிரம் நிழல் விழுகிறது, உண்மையான அஸ்தமனத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது என்று நான் அவர்களுக்குப் பூகோளப் பாடம் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நயினாரின் மனைவி தர்மவதி கேட்டுக்கொண்டே பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவாள். "உங்க புஸ்தகத்து சூரியன் உங்க வூட்டுக்கு இருக்கட்டும்ணே. எங்க சூரியன் அதோ போயிடுச்சு" என்பாள்.

என் பெயர் யாகப்பன். வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன்; ஆரம்பப் பள்ளி வாத்தியார். சிறுகடம்பூரில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு எங்களுடையது. என் மனைவி ராயம்மாள் கருவாடு வறுக்கிற நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். அப்படிப் பதினைந்து வருஷம் ஒரு மனத்தாங்கல் இல்லாமல் குடியிருந்தோம். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நடந்த தப்பு என்னுடையது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் நயினாருக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் இரண்டு வருஷம் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். நூறு தப்படி நடந்தால் இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டு மரத்துவிடும். உட்கார்ந்தால், குனிந்தால் ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும். சைக்கிளில் குனிந்து மிதித்தால் மேல்மலையனூர் வரைக்கும் போய் வருவார். வாசலில் இறங்கித் தெருக்கோடிக்கு நடக்க மாட்டார். ஊர் சும்மா இருக்குமா? சைக்கிள் மிதிக்கிற காலுக்கு நடக்க வலிக்குதாமே என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவருடைய பங்காளி ஜினதாஸ், இது காலில் வந்த நோவு இல்லை, உடம்பில் வந்த சோம்பல் என்று வாய் கூசாமல் சொன்னான். வம்பு பேசுவதற்கு அந்த ஆளுக்குக் காசா பணமா?

பட்டணத்துப் பெரிய டாக்டர்தான் அவர் பொய் சொல்லவில்லை என்று முதலில் சொன்னவர். முதுகெலும்புக்குள்ளே நரம்பு இறங்கி வருகிற வழி இடுப்பருகே குறுகிப்போய் நரம்பை நெருக்குகிறது, நிமிர்ந்தால் இன்னும் நெருக்கும், குனிந்தால் கொஞ்சம் விடும், பின்பக்கத்து எலும்பை எடுத்து வழிவிட வேண்டும் என்றார். கோடை விடுமுறை. இருபத்திரண்டு நாள் நான்தான் கூட இருந்தேன். கிளம்புகிற அன்று பெரிய டாக்டர் ஊரில் இல்லை. யாரோ ஒருவர் ஒரு காகிதத்தை நீட்டி, எல்லாம் இதில் எழுதியிருக்கிறது என்றார். முழுக்க இங்கிலீஷ்.

வீட்டுக்கு வந்ததும் அதைப் படித்துக்காட்டச் சொன்னார்கள். கூடம் கொள்ளாத சொந்தக்காரர்கள், பாதிக்கு மேல் பெண்கள். தர்மவதி எதிரே நின்றாள். எனக்கும் என் இங்கிலீஷைக் காட்டிக்கொள்ள ஒரு சந்தர்ப்பம். எவ்வளவு எடை தூக்கலாம், எப்படிப் படுக்கலாம், சில பேருக்குச் சில வருஷம் கழித்து இதே தொல்லை திரும்பலாம் என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி வரிக்கு வந்தேன். உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் அன்றைக்கே கொண்டுவர வேண்டும் என்று இருந்தது. அத்தனை பெண்களுக்கு நடுவில் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "மத்தபடி இன்னா கோளாறுன்னாலும் வந்து காட்டணுமாம்" என்று முடித்துக் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டேன். அப்புறம் நயினாரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்து அப்படியே மறந்தும் போனேன்.

மறக்கத்தான் தோன்றும். மனுஷன் அப்படி நடந்தார். கழனிக்கும் வீட்டுக்கும் ஒன்றரை மைல், ஒரு நாளைக்கு இரண்டு நடை. தன் சைக்கிளைக் கொண்டுவந்து என் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு, இனிமேல் இது எனக்கு வேண்டாம், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஜினதாஸே வாயடைத்துப்போனான். ஆறு வருஷம் அந்த இடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

அறுபத்தேழு கார்த்திகையில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்குகிற நேரம். செடியைப் பிடுங்கிப் போட்டு, பெண்கள் குந்தி உட்கார்ந்து காய் ஆய வேண்டும், ஆய்ந்ததைக் காயப்போட வேண்டும். மேகம் தினம் வந்து மிரட்டிவிட்டுப் போனது. ஒரு நல்ல மழை பிடித்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். நயினார் விடியலில் போய்க் கூலி ஆட்களோடு தானும் குனிந்து பிடுங்கினார். குனிந்து செய்கிற வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று காய் ஆய்கிற நாகம்மாள் ராயம்மாளிடம் சொன்னாளாம். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சூரியன் மலைக்குப் பின்னால் போயிருக்கும்.

முதல் நாள் தர்மவதி கேழ்வரகுக் களியையும் வெங்காயம் போடாத அவரைக்காய்க் குழம்பையும் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். அவர் வந்து கால் கழுவி, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் ஆனதும் ஜினதாஸ் கண்டுபிடித்துவிட்டான், அஜிதன் ஒருவேளைச் சாப்பாட்டு விரதம் எடுத்திருக்கிறான், வெளியில் சொல்லாமல் செய்கிறான், அதுதான் பெரிய மனசு என்று. சோம்பேறி என்ற அதே வாய். சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தர்மவதிக்கு மட்டும் அது பெருமையாக இல்லை. அவளுடைய மாமனார் குணபாலன் நயினார் எழுபத்தாறு வயதில் சாயங்காலச் சாப்பாட்டில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் தண்ணீரையும் விட்டு உயிரை விட்டவர். அவர்களுக்குள்ளே அது பெரிய மரியாதை. அப்போது தர்மவதிதான் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை நனைத்தவள். அது நாற்பது நாள். இவருக்கு வயது ஐம்பத்துநாலுதான் ஆகிறது.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள். கண் உள்ளே போயிருந்தது.

"விரதம்னா வூட்டுக்காரிகிட்ட உத்தரவு கேட்டுக்கினு எடுக்கணும்ணே. எங்கள்ல அதான் மொறை. அவரு கேக்கல. தண்ணியும் கொறைச்சிட்டாரு. கேட்டா எம்மூஞ்சிய பாக்க மாட்டன்றாரு. மாமா போன மாதிரியே போயிடுவாரோன்னு இருக்குது. நீங்க கொஞ்சம் கேளுங்க."

நான் எதற்கும் முதலில் தள்ளிப்போடுகிறவன். நாளைக்குக் கேட்கிறேன் என்றுதான் வாயில் வந்தது. ராயம்மாள் சுவரில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

சிங்கவரம் சாலையில் பாதி தூரம் போனபோது நயினார் எதிரே வருவது தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் கூப்பிட வாயெடுத்து, அப்படியே நின்றுவிட்டேன். நாற்பது தப்படி நடந்தார். சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்து முழங்காலில் நெற்றியை முட்டிக்கொண்டார். எழுந்தார். முப்பது தப்படி. வரப்பில் குந்தினார். மேய்ச்சல் முடிந்து வீடு திரும்பும் ஆடுகள் அவரைத் தாண்டிப் போயின. ஒரு கிழவி விறகுக்கட்டோடு தாண்டிப் போனாள். ஒன்றரை மைலை இந்த மனுஷன் தினம் இப்படித்தான் கடக்கிறார் என்றால் சூரியன் எப்படி அவருக்காகக் காத்திருக்கும்? விரதமாவது மண்ணாவது.

பாலத்துக் கட்டையில் அவர் மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது நான் போய்ப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தினேன். திடுக்கிட்டார். பிறகு, வாங்க என்று நகர்ந்து இடம்விட்டார்.

"எத்தினி நாளா நயினாரே?"

"காலா? ஆவணியிலேர்ந்து. தீபாவளிக்கப்புறம் ரொம்ப."

"எங்கிட்டவாவது சொல்லக்கூடாதா?"

"சொன்னா பட்டணத்துக்கு இட்டுக்கினு போவீங்க. எதிர்க்கட்டில்ல போளூர்க்காரன் ஒருத்தன் இருந்தானே, ஞாபகம் இருக்குதா? ரெண்டாந்தபா ஆபரேஷனுக்கு வந்தவன். உள்ள போகச்சொல்ல நடந்து போனான் வாத்தியாரே. வெளிய வரச்சொல்ல இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்ல. எறும்பு கடிச்சாக்கூடத் தெரியலன்னு அழுதான். நான் இப்பிடியே உக்காந்து உக்காந்து நடந்துக்கறேன். எனக்கு அது போதும்."

எனக்கும் அந்தப் போளூர்க்காரன் ஞாபகம் இருந்தான். நான் குனிந்தேன். அப்போதுதான் அவர் வேட்டியைப் பார்த்தேன். பின்பக்கம் மொத்தமும் ஈரம். வாய்க்காலில் விழுந்தீர்களா என்று கேட்டேன். அவர் ராஜகிரியைப் பார்த்தார். சூரியன் கோட்டைச் சுவருக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

"அது வேற" என்றார். "சூட்டு சமாச்சாரம். நெருஞ்சி கஷாயம் குடிக்கிறேன். கேக்கல. போறதே தெரியறதில்ல. துணி ஈரமாகித் தொடையில காத்து பட்டாத்தான் தெரியுது. உக்கார்ற எடமே எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்குது. அதான் மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்கறதில்ல. இருட்டுனா எப்பிடியும் குடிக்க வேணாம். விரதம்னு அவங்களே சொல்லிக்கினாங்க. நான் வாயத் தொறக்கல, அவ்ளோதான்."

ஆறு வருஷமாக எங்கே கிடந்ததோ அந்தக் கடைசி வரி, கறுப்பு மையும் கையெழுத்துமாக முன்னால் வந்து நின்றது.

"அதையும் டாக்டர்கிட்ட காட்டணும் நயினாரே."

"காலுக்கும் மூத்திரத்துக்கும் இன்னா சம்மந்தம் வாத்தியாரே?"

இந்தக் கேள்வியை அவர் உண்மையாகவே கேட்டார். சம்பந்தம் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான். ஏதாவது சமாளித்து, சும்மா காட்டிவிட்டு வரலாம் என்று அழைத்துப்போக முடியுமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் போளூர்க்காரனைப் பார்த்த மனுஷனைச் சமாளிப்பால் நகர்த்த முடியாது.

"அந்தக் காகிதத்துல இருந்துச்சு" என்றேன். "உக்கார்ற எடம் மரத்தாலோ, மூத்திரம் தெரியாமப் போனாலோ அன்னிக்கே வரணும்னு. கடைசி வரி. நான் படிக்கல."

"இன்னொரு தபா சொல்லுங்க."

சொன்னேன்.

"அன்னிக்கேன்னா போட்டிருக்குது?"

"அன்னிக்கே."

அவர் விரலை மடக்கி எண்ணினார். தீபாவளி கழிந்த மறுநாள் ஆரம்பித்ததாம். இருபத்துநாலு வந்தது. விரலைப் பிரித்து முழங்காலில் வைத்துக்கொண்டார். ஏன் படிக்கவில்லை என்று கேட்டார். பெண்கள் இருந்தார்கள் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான காரணம் என்று எனக்குத் தெரிந்தது. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை ஊன்றி எழுந்து, சைக்கிளைப் பிடியுங்கள் என்று மட்டும் சொன்னார். பின்னால் கேரியரில் உட்காரவைத்து மிதித்தேன். மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியது. கம்பி குத்தவில்லையா என்று கேட்டேன். எனக்கு இன்னா தெரியுது என்றார்.

கூடத்தில் ஜினதாஸும் அவன் மனைவி ராஜாம்பாளும், கும்பிட வந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். நான் தர்மவதியிடம் அந்தக் காகிதத்தைக் கேட்டேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் பெட்டியிலிருந்து எடுத்துவந்தாள். நின்ற இடத்திலேயே கடைசி வரியைப் படித்துத் தமிழில் சொன்னேன். உட்காரும் இடம், மூத்திரம், எல்லாவற்றையும் சொன்னேன். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜினதாஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ராஜாம்பாளை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

தர்மவதி நயினாருடைய வேட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு இதப் படிச்சீங்களாண்ணே?"

"இல்ல தங்கச்சி."

அவள் உள்ளே போய்ப் பையில் துணி வைக்க ஆரம்பித்தாள். பாதி பிடுங்கின கழனி அப்படியே கிடக்கிறது, மழை வந்தால் என்ன ஆகும் என்று நயினார் முனகினார். நாகம்மாளை வைத்துக்கொண்டு தான் பார்த்துக்கொள்வதாக, சத்தம் கேட்டு வந்திருந்த ராயம்மாள் சொன்னாள். மல்லாட்டைச் செடியை அவள் அதுவரை தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

விடிந்ததும் முதல் பஸ். தர்மவதி பழைய புடவைகளை நாலாக மடித்து அவருக்குக் கீழே போட்டிருந்தாள். திண்டிவனத்தில் வண்டி மாறும்போது இடது பாதம் தரையில் இழுபட்டது. நேற்றுச் சாயங்காலம் அது இழுபடவில்லை. நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். நடத்துநர் சீக்கிரம் ஏறச் சொல்லிக் கத்தினான். அவர் காலைக் கையால் தூக்கிப் படியில் வைத்தார். எனக்கு மாதா கோயில் ஜெபமெல்லாம் நடுவில் நடுவில் மறந்துபோய் முதலிலிருந்து சொல்லவேண்டி வந்தது.

பட்டணத்தில் சின்ன வயது டாக்டர் ஒருவர் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, ஊசியை எடுத்து உட்காரும் இடத்தைச் சுற்றிக் குத்திப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் பொட்டாக ரத்தம் வந்தது. எட்டாவது குத்துக்கு நயினார் தலையைத் திருப்பி, "எப்ப குத்துவீங்க சார்?" என்று கேட்டார். டாக்டர் ஊசியை வைத்துவிட்டார். தர்மவதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாளே ஆபரேஷன் ஆனது. பழைய இடத்துக்கு ஒரு எலும்பு மேலே வழி அடைத்துக்கொண்டிருந்ததாம். கால் பிழைத்தது. ஆறாவது மாதம் கோலை ஊன்றிக்கொண்டு கழனிக்குப் போனார், அதற்கப்புறம் பதினான்கு வருஷம் இருந்தார். மற்றது திரும்பவே இல்லை. மூத்திரம் எடுக்க நாலு மணி நேரத்துக்கொரு தரம் ரப்பர் குழாய். அதை வேகவைக்கத் தர்மவதி தனியாக ஒரு பாத்திரம் வைத்திருந்தாள். எந்த நாளாவது சுரம் வந்தால் இரண்டு வீட்டிலும் யாரும் தூங்க மாட்டோம், அது அந்தக் குழாயால் வந்த சுரமா, வேறு சுரமா என்று. முதல் நாளே வந்திருந்தால் இதெல்லாம் இல்லாமல் போயிருக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். போயிருக்கலாம் என்றுதான் சொன்னார், போயிருக்கும் என்று சொல்லவில்லை. அந்த 'லாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை காலம் சோறு தின்கிறேன்.

ஆனால் அந்த முதல் நாள், ஊசியை வைத்த சின்ன டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டார். இருபத்தைந்து என்று தர்மவதி சொன்னாள். டாக்டர் பழைய காகிதத்தை விரித்துக் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இதோ எழுதிக் கொடுத்திருக்காங்களே. இப்படி ஆனா அன்னைக்கே வரணும்னு. உங்களுக்கு யாரும் இதைச் சொல்லலையா?"

நான் வாயைத் திறந்தேன். எனக்குச் சத்தம் வருவதற்குள் நயினார் தலையணையில் முகத்தை வைத்தபடியே பேசினார்.

"சொன்னாங்க சார். இவருதான் எங்க ஊர் வாத்தியாரு. ஒரு வரி வுடாமப் படிச்சுக் காட்டினாரு. நான்தான் கேக்கல."

டாக்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். படித்தவர் பக்கத்திலேயே இருந்து சொல்லியும் கேட்காத முட்டாள்தனத்தை எங்கே போய்ச் சொல்வது என்றார். உன்னைப் போன்ற ஆட்களால்தான் எங்கள் வேலை வீணாகிறது என்றார். சுற்றிலும் எட்டுக் கட்டில். எல்லோரும் பார்த்தார்கள். குப்புறக் கிடந்த மனுஷன் எல்லாவற்றுக்கும் ஆமாம் சார், ஆமாம் சார் என்றார். அந்த வரியைப் படிக்காமல் விட்டது என் பயம், அவருடைய முட்டாள்தனம் இல்லை என்று நான் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். தமிழிலும் சொல்லியிருக்கலாம், இங்கிலீஷிலும் சொல்லியிருக்கலாம். சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றேன். டாக்டர் என் தோளைத் தட்டி, நீங்களாவது கூட்டிவந்தீர்களே என்றார்.

எக்ஸ்ரே எடுக்க அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு தர்மவதி தாழ்வாரத்தில் தூணோரமாக உட்கார்ந்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். செஞ்சியிலிருந்து கிளம்பியதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. இப்போது என்னைப் பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"கட்டிக்கினு வந்து முப்பத்திரெண்டு வருசம் ஆவுதுண்ணே. அவரு பொய் சொல்லி இன்னிக்குத்தான் கேட்டேன்."